சிப்பாயின் ஓய்வு வேளை

பட்டாளத்தில் சேர்ந்தவன் பிரஜையாயிருப்பதை விட்டுவிடுகிறானா என்ற கேள்வியை நமது அரசியல் சட்டத்தை இயற்றியவர்கள் அசட்டை செய்யவில்லை. சேனையிலுள்ளோரின் அடிப்படை உரிமைகளை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்பதைப் பார்லிமெண்டு சட்டத்தினால் நிர்ணயிக்கலாம் என்று 33-வது ஷரத்தில் எழுதி வைத்தார்கள். குறைக்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கொடுத்தார்கள், படைத்தலைவருக்குக் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தை வக்கீல்கள் மாத்திரம் கவனித்தால் போதாது.

1950-ம் வருஷத்து இராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவு, சிப்பாய்கள் சங்கங்களில் சேருவதையும், அரசியல் கூட்டங்களில் பேசுவதையும், பத்திரிகைகளுக்கு எழுதுவதையும் விதிகள் மூலம் கட்டுப்படுத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரமளிக்கிறது. இதில் நமக்கு ஆட்சேபமில்லை. துப்பாக்கி ஏந்தியவன் கட்சிக் கொடியையும் ஏந்தினால் ஜனநாயகம் என்ன கதியாகும் என்பதை அண்டை நாடுகளின் சரித்திரத்தில் பார்த்திருக்கிறோம்.

நமக்குக் கவலை தருவது 63-வது பிரிவு. சட்டத்தில் வேறெங்கும் குறிப்பிடப்படாவிட்டாலும், ஒழுங்குக்கும் இராணுவக் கட்டுப்பாட்டுக்கும் பங்கம் விளைவிக்கும் எந்தச் செய்கையும் குற்றமாம். ஏழு வருஷம் வரை சிறையாம்! வெள்ளையர் 1911-ல் பின்னிய வலையைச் சுதந்திர இந்தியாவும் கண் மாறாமல் எடுத்துக் கொண்டது. பங்கம் எது என்று முதலில் முடிவு செய்கிறவர் கமாண்டிங் ஆபீஸர். சாதாரணச் சிப்பாயை 80-வது பிரிவின்படி அவரே விசாரித்து 28 நாள் வரை காவலில் வைக்கலாம். உத்தரவிட்டவரே நீதிபதியாக அமரும் அந்த விசாரணையில் சிப்பாய்க்காகப் பேச வக்கீல் இல்லை.

2020 ஜூனில் நடந்ததை நினைவூட்டுகிறோம். பேஸ்புக் உள்ளிட்ட 89 கைப்பேசிச் செயலிகளில் உள்ள கணக்குகளை அடியோடு அழித்துவிட வேண்டுமென்று இராணுவத்தினருக்கு உத்தரவு பிறந்தது. ஜூலை 15 கெடு. மற்றப் பிரஜைகள் தாராளமாகச் செய்யக்கூடிய காரியம் இவர்களுக்கு மட்டும், ஓய்வு வேளையிலும், வீட்டுக்குள்ளும், விலக்கப்பட்டது. அயல்நாட்டிலுள்ள குடும்பத்தாரோடு பேஸ்புக் மூலமே தொடர்பு வைத்திருந்த ஒரு லெப்டினன்ட் கர்னல் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார். தேசப் பாதுகாப்பைப் பற்றிய விஷயத்தில் தலையிட மறுத்து, ஆகஸ்ட் 5-ல் கோர்ட்டு மனுவைத் தள்ளிவிட்டது.

எதிரியின் ஒற்றர்கள் பெண் பெயரில் நட்பு கொண்டாடி இரகசியங்களைக் கறப்பது பொய்யல்ல. முகாமின் இருப்பிடத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் காட்டுகிறவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் லட்சக்கணக்கானவர்களின் வீட்டு வாழ்வைத் தொடும் தடையைத் தலைமையகத்தின் ஒரு கொள்கைக் கடிதத்தால் விதிப்பானேன்? பத்திரிகைக்கு எழுதுவதைத் தடுக்க கெஜட்டில் விதி வேண்டும். மகளின் புகைப்படத்தைப் பார்ப்பதைத் தடுக்க ஒரு சுற்றறிக்கை போதும் என்பது எந்த ஊர் நியாயம்?

எல்லாத் தடையையும் நாம் ஒரே தராசில் போடவில்லை. பிறன்மனை நயத்தலைக் கிரிமினல் குற்றமல்லவென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சேனைகளின் ஒழுங்கு நடவடிக்கையைத் தொடாது என்று 2023 ஜனவரி 31-ல் தெளிவுபடுத்தியது. எல்லையில் நிற்பவனின் குடும்பத்தை அவனுடைய சகாவே குலைத்தால் அந்தப் படை ஒன்றாக நின்று போரிடாது. அங்கே செயலுக்கும் கடமைக்கும் உள்ள தொடர்பு கண்கூடு. அத்தகைய தொடர்பைக் காட்ட முடிந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லச் சர்க்கார் ஏன் தயங்க வேண்டும்?

ஓய்வு நேரத்தைப் பற்றிய பொதுத் தடைகள் அனைத்தும் கெஜட்டில் பிரசுரமாகி, பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும். அவசரத்தில் பிறந்த உத்தரவுக்குக் காலக்கெடு குறிக்கப்பட வேண்டும். அதை மீறியதாகச் சொல்லப்படும் சிப்பாயை, அதைப் பிறப்பித்த அதிகாரியல்லாத வேறொருவர் விசாரிக்க வேண்டும். நமது தொகுதிகளிலிருந்து டில்லிக்குப் போயிருக்கும் அங்கத்தினர்களில் எவராவது பாதுகாப்பு மந்திரியிடம் இதைக் கேட்பாரா?