கையெழுத்துக்கு முன் ஒரு மணித்தியாலம்



சென்ற மாதம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருடன் வாகன விற்பனை நிலையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இடியப்பமும் பலகாரமும் செய்து ஏ9 வீதியோரக் கடைகளுக்குக் கொடுத்து, தனியாளாக நின்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர் அவர். இதுவரை எல்லாம் சைக்கிளில்தான். இப்போது லீசிங்கில் ஒரு புது ஸ்கூட்டி எடுக்க முடிவு செய்திருந்தார். "நீங்கள் படிச்ச பிள்ளை, பேப்பருகளை ஒருக்காப் பாருங்கோ" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

"பேப்பருக்கு முதல் வண்டியைப் பாப்பம் அக்கா" என்றேன்.

"புதுச் சாமான்தானே தங்கச்சி, அதில என்ன இருக்குப் பாக்க?" என்று சிரித்தார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இம்மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

அக்காவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2017 இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானும் ஒரு ஸ்கூட்டி எடுத்தேன். பின்னேரம் போனேன். கடை பூட்டும் நேரம். காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பல மாதங்களின் பின்னரே பத்திரத்தில் இருந்த எஞ்சின் இலக்கத்துக்கும் வண்டியில் இருந்ததற்கும் ஓர் எழுத்து வித்தியாசம் என்று தெரிந்தது. 5 இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து எஸ். அந்த ஒரே எழுத்தைத் திருத்த நான்கு மாதம் அலைந்தேன். பஸ் காசும் லீவும் போனதுதான் மிச்சம். விற்றவர்கள் சொன்னது ஒன்றுதான்: "நீங்கள் பாத்துத்தானே சைன் வைச்சனீங்கள்?"

நாங்கள் ஏன் பார்ப்பதில்லை? யோசித்துப் பார்த்தால் ஒரு காரணம் தெரிகிறது. நாங்கள் வரிசையில் நின்று பழகியவர்கள். 2009 இல் செட்டிகுளம் முகாமில் நானும் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் நின்றிருக்கிறேன். தருகிறதை வாங்கி, காட்டுகிற இடத்தில் கையெழுத்தோ பெருவிரலோ வைத்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு விலக வேண்டும். திருப்பிக் கேள்வி கேட்டால் அடுத்தமுறை பெயர் விடுபடுமோ என்ற பயம். அந்தப் பழக்கம் காசு கொடுத்து வாங்கும் இடத்துக்கும் எங்களோடு கூடவே வந்துவிடுகிறது. ஆனால் ஸ்கூட்டி நிவாரணச் சாமான் அல்ல. மூன்று, நான்கு வருடம் உழைத்துக் கட்டப்போகும் காசு அது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். லீசிங்கில் எடுக்கும்போது பொதுவாக, "வண்டியை நல்ல நிலையில் பொறுப்பேற்றேன்" என்று நீங்கள் ஒப்பமிட்ட பின்னரே லீசிங் கொம்பனி விற்பனையாளருக்குக் காசை விடுவிக்கும். ஆகவே கையெழுத்து வைக்கும்வரை உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. வைத்த பிறகு, அதே குறையைச் சொல்லிப் பின்னால் அலைய வேண்டியவர் நீங்கள்தான். தவணையோ நின்று காத்திருக்காது.

எனவே அந்தக் கையெழுத்துக்கு முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

போகும் நேரம்: வண்டி எடுப்பதென்றால் எங்கள் ஆட்கள் நல்லநேரம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் சோதிப்பதை அந்த நேரத்துக்கு வைக்காதீர்கள். "நேரம் முடியப்போகுது, கெதியாச் சைன் வையுங்கோ" என்பார்கள். முதல்நாள் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் நல்லநேரத்தில் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், வண்டியை வெளியே உருட்டிக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். தெரிந்த கராஜ் தம்பி யாரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

இலக்கங்கள்: வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பத்திரங்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது நல்லது. கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்து மீளக்குடியேறியவர்களின் அட்டையில் பழைய விலாசம் இருக்கக்கூடும். எந்த விலாசத்தை எழுதுகிறார்கள் என்று கேட்டுத் தெளியுங்கள்.

எஞ்சின்: இயக்குவதற்கு முன் எஞ்சினுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் யாரோ இயக்கியிருக்கிறார்கள். ஆறவிட்டு இயக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. விடியப்புறம் ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் அது அப்படித்தான் இருக்கும். பொத்தானாலும் உதைத்தும், இரண்டு விதமாகவும் இயக்கிப் பாருங்கள். பழைய பத்திரிகைத் தாள் ஒன்றைக் கீழே விரித்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தாளில் ஒயில் அல்லது பெற்றோல் சொட்டு விழுந்தால் அந்த வண்டி வேண்டாம்.

ரயர்: ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். 1424 என்றால் 2024 ஆம் ஆண்டின் 14 ஆவது கிழமையில் செய்தது. முன் ரயரையும் பின் ரயரையும் பாருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நெடுநாள் நின்ற வண்டியும் புதிது என்றே விற்கப்படலாம். நின்ற வண்டியின் ரயர் காயும், பற்றரி சோரும். ஓடிய தூரம் காட்டும் கிலோமீற்றரையும் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிரேக்கும் லைற்றும்: பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள்; அசையக்கூடாது. விட்டதும் சில்லு இறுகாமல் சுற்ற வேண்டும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். பெரிய லைற், சிக்னல், ஹோர்ன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு பிரேக்குக்கும் பின் லைற் எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். சீற் பூட்டு, பெற்றோல் மூடி, இரண்டு திறப்புகளும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள்.

கையில் வாங்க வேண்டியவை: பற்றுச்சீட்டு, உத்தரவாதப் புத்தகம், இலவச சேர்விஸ் புத்தகம், ஆயுதப் பை, இரண்டாவது திறப்பு, காப்புறுதிப் பத்திரம். காப்புறுதி தொடங்கும் திகதியைப் பாராமல் வீதிக்கு இறங்காதீர்கள்.

லீசிங் பத்திரம்: தவணையை மட்டும் பார்க்காதீர்கள், கூட்டிப் பாருங்கள். மாதம் 20,000 ரூபாய் வீதம் 36 மாதம் என்றால் 720,000 ரூபாய். அதோடு முற்பணத்தையும் சேருங்கள். அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான விலை. பிந்தினால் எவ்வளவு, இரண்டு மாதம் கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நிரப்பாத வெற்றுப் படிவத்தில் எக்காரணத்துக்காகவும் ஒப்பமிடாதீர்கள். ஒப்பமிட்ட எல்லாவற்றிலும் ஒரு பிரதி கேளுங்கள்.

குறை கண்டால் "முதல் சேர்விஸ்ல பாத்துத் தருவம்" என்பார்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். மாற்றித் தரும்வரை ஒப்பமிடாமல் இருப்பதே நல்லது. சிறு குறைதான், எடுக்கத்தான் வேண்டும் என்றால், பொறுப்பேற்கும் பத்திரத்தின் இரண்டு பிரதியிலும் அக்குறையை எழுதி, விற்பனையாளரின் ஒப்பமும் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

அதன் பின்னும் தட்டிக்கழித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுதத் தெரியவில்லை என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் உதவி கேளுங்கள்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். ரயர் இலக்கத்தை நான் வாசிக்கவில்லை, அவரே குனிந்து வாசித்தார். முன் ரயரில் 2024. பின் ரயரில் 2019. ஒரே வண்டியில் ஐந்து வருட வித்தியாசம். விற்பனையாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, இதெல்லாம் ஒருத்தரும் பாக்கிறேல்ல. ஓடுறதுக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்றார். லீசிங் தம்பி பேனையைத் திறந்து நீட்டியபடி நின்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, இதில நான் மட்டும் போறேல்ல. பின்னுக்கு என்ர பிள்ளையும் இருக்கும். ரயரை மாத்திப்போட்டுச் சொல்லுங்கோ, வாறன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தத் தம்பி கோவிச்சிருக்குமோ?" என்று இரண்டு முறை கேட்டார். கேட்டதற்காக வெட்கப்படும் பழக்கம் ஒரு நாளில் போய்விடாது, சகோதரிகளே. மூன்றாம் நாள் ரயர் மாற்றிவிட்டதாகத் தொலைபேசி வந்தது. போய், நான்கு இலக்கத்தையும் மறுபடி வாசித்துப் பார்த்த பிறகே ஒப்பமிட்டார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

இப்போது அவருடைய ஊரில் யாராவது வண்டி எடுக்கப் போனால் என்னைத் தேடுவதில்லை. அக்காவைத்தான் கூட்டிப் போகிறார்கள்.