வன்தட்டு வாங்குமுன்

சீலை வாங்கச் சென்றால் நூலைத் தொட்டுப் பார்க்கின்றோம். அரிசி வாங்கினால் ஒரு மணியைக் கடித்துப் பார்க்கின்றோம். கணினிக்கு வன்தட்டு வாங்கும்போது மாத்திரம் “எத்தனை டெராபைட்?” என்ற ஒரே கேள்வியோடு பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகின்றோம். கொள்ளளவு வேண்டற்பாலதே. ஆயினும் அது மூன்றாவது கேள்வி. நம் கணினியிற் பொருந்துமா என்பது முதலாவது. நம்பத் தக்கதா என்பது இரண்டாவது.

பொருத்தத்தை முதலில் நோக்குவோம். மேசைக் கணினிக்குரிய வன்தட்டு 3.5 அங்குலம் எனவும், மடிக்கணினிக்குரியது 2.5 அங்குலம் எனவும் வழங்கும். பின்னையதிலும் 7 மில்லிமீற்றர், 9.5 மில்லிமீற்றர் எனத் தடிப்பு வேறுபடும். தடித்ததை ஒடுங்கிய இடத்தில் எவ்வளவு அழுத்தினும் நுழையாது. அடுத்தது இணைப்பு. 2003ஆம் ஆண்டளவில் வந்த சாட்டா இணைப்பு ஒடுங்கிய வடத்தை உடையது. அதற்கு முந்திய கணினிகளில் 40 துளைகள் கொண்ட அகன்ற நாடா வடமே இருந்தது. ஒன்றிற்குரிய தட்டு மற்றொன்றில் நேரே இணையாது. அசையும் பாகமற்ற எஸ்.எஸ்.டி.களிற் பல, எம்.2 என்னும் சிறு பலகை வடிவில் வருகின்றன. அவற்றிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. தோற்றத்தில் உடன்பிறப்புகள் போல் இருப்பினும், சில தாய்ப்பலகைகள் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும். மிகப் பழைய கணினியோ, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டிலிருந்து இயங்கத் தொடங்க மாட்டாது. ஆதலின், பழைய தட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு சென்று காட்டுவதே கடைக்குப் போவோர் செய்யத்தக்க முதற் காரியம்.

இனி நம்பிக்கை. எத்தனை மணி நேரம் ஓடினோம் என்பதை வன்தட்டு தானே குறித்து வைத்திருக்கும். ஸ்மார்ட் எனப்படும் அக்குறிப்பை இலவச மென்பொருளாற் படித்தறியலாம். புதிதென்று விற்கப்பட்டது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் உடனே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அக்குறிப்பையும் அழிக்க வல்லார் உளர் ஆதலின், பற்றுச்சீட்டைப் பெற்று, தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திற் சரிபார்த்தலும் அவசியம். உத்தரவாதம் பற்றியும் மயக்கம் வேண்டா. அது தட்டுக்கு மாற்றுத் தட்டைத் தரும். அதில் இருந்தவற்றைத் தராது.

மலைநாட்டவர்க்கு வேறோர் ஐயமும் எழலாம். சுழலும் வன்தட்டினுள் வாசிக்கும் முனை, தகட்டைத் தொடாது, நுண்ணிய காற்றுப் படையின் மீது மிதக்கின்றது. உயரே காற்று ஐதாவதால் தீங்கு விளையுமோ? இத்தட்டுகள் பொதுவாக ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரம் வரை இயங்குமாறு அமைக்கப்படுகின்றன. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். பீதுருதாலகாலை உச்சியே 2,524 மீற்றர்தான். எனவே உயரம் நமக்குப் பகையன்று. ஈரமும் இடியும் மின்வெட்டுமே பகை. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரமின்றி இருந்ததை யாரும் மறவார். எழுதிக்கொண்டிருக்கையில் மின் அறுந்தால் கோப்புகள் சிதையக்கூடும். பெரிய தட்டுக்குச் செலவிட எண்ணிய பணத்தில் ஒரு பகுதியை யூ.பி.எஸ். ஒன்றுக்கு ஒதுக்குவது வீண் செலவாகாது. இடி முழங்கும்போது செருகியைக் கழற்றிவிடுதல் அதனினும் நன்று.

ஒரு தகட்டுக்கு இத்துணைக் கவலை ஏன் என்று கேட்கலாம். மலையகத்தார் கடதாசியின் அருமையைப் பட்டறிந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. சான்று காட்ட இயலாதார் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோரின் குறை தீரச் சட்டம் பிறந்தது 2003ஆம் ஆண்டிலேதான். அத்தகைய பிறப்புச் சான்றிதழ்களையும், மூத்தோரின் படங்களையும், பிள்ளைகளின் பெறுபேறுகளையுமே இன்று வீட்டுக் கணினியிற் சேர்த்து வைக்கின்றோம். லயத்துக் காம்பராவின் தகரப் பெட்டி செய்த காவலை இப்பொழுது வன்தட்டிடம் ஒப்படைக்கின்றோம்.

எந்தத் தட்டும் சிரஞ்சீவியன்று. ஆகவே நாம் கூறுவது இதுவே: பெரிய தட்டொன்றுக்கென வைத்திருக்கும் பணத்தைப் பொருத்தமான சிறியன இரண்டுக்குப் பகிர்ந்திடுக. ஒன்று கணினியில் இயங்கட்டும். மற்றது ஒரு பிரதியோடு, ஈரம் புகாத உறையில், வேறு தோட்டத்திலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். மண்சரிவோ தீயோ வரினும் இரண்டும் ஒருங்கே போகா. மின்னிணைப்பின்றி நெடுநாள் வைத்தற்கு எஸ்.எஸ்.டி.யிலும் சுழலும் தட்டே ஏற்றது. அதனையும் ஆண்டுக்கு இருமுறையேனும் இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

மூலப் பத்திரங்களோ, தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும்.