பெயர்த்து வைக்கையிற் பெயர் சிதையலாமோ?

ஒரு தரவுத்தளத்தினின்று மற்றொன்றிற்குத் தமிழ்ப் பெயர்களைப் பெயர்த்து வைத்தல் பொறியாளர்க்கு மட்டுமே உரிய வேலையென்பார் தமிழெழுத்தின் இயல்பறியாதார் ஆவர்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பரிந்துரைத்த குறியீடுகளில், கண்ணுக்குத் தோன்றும் வரிசையே எழுத்துறுப்புகளின் வரிசை. 'கோவலன்' என்பதில் இரட்டைக்கொம்பு முன்னும், ககரம் இடையும், கால் பின்னும் நிற்கும். 2010-இல் தமிழக அரசு ஏற்ற ஒருங்குறியிலோ ககரமே முந்தும்; கொம்பும் காலும் அதனைத் தொடரும். இஃதறியாது பெயர்த்தாற் கொம்பு பற்றுக்கோடின்றித் தனித்து நிற்கும். (உடன் ஏற்கப்பட்ட அனைத்தெழுத்துக் குறியீட்டில் இத்தொல்லையில்லை, வழக்கில் வென்றது ஒருங்குறியே!)

ஒருங்குறிக்குள்ளும் கொம்பையும் காலையும் ஓரெண்ணாகவும் வைக்கலாம், ஈரெண்ணாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே கோவலன். இரு தளங்களை ஒப்பிடும் பொறிக்கோ இருவர். நிலப்பதிவில் ஒருவனாகவும் குடும்ப அட்டையில் வேறொருவனாகவும் ஆக்கப்பட்டு அலைபவன் எளிய உழவனே.

இவையெல்லாம் பொறியாலேயே திருத்தத்தக்கன. ஔகாரமோ அவ்வாறன்று. அதன் பின்னுறுப்பு ளகரத்தை ஒத்திருத்தலால், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று பதிந்தோர் பலர். 'ஔவை' எனத் தேடுவார்க்கு அப்பெயர் கிட்டாது. அவ்விணையை எங்கணும் ஔகாரமாக்குக என்று பொறியை ஏவினாலோ, 'ஒளி' கெட்டு ஒளியரசன் பெயரிழப்பான். எது ஓரெழுத்து, எது ஈரெழுத்து என்பதைச் சொல்நோக்கித் தெளிபவர் தமிழறிந்தவரே. அத்தகையார் ஒருவரை உடனமர்த்துக. பழைய தளத்தை அணைக்குமுன் ஐயத்திற்குரிய பெயர்ப்பட்டியல் முழுவதையும் அவர் ஒருமுறை படித்துத் திருத்தட்டும்.