விட்டதா, ஓய்ந்ததா?

மழை பெய்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் வாசற்படியில் நிற்கிறான். வெளியே எட்டிப் பார்த்த தாய், "மழை விட்டிருக்கிறது, ஓடு!" என்கிறாள். "ஓய்ந்துவிட்டது" என்று அவள் சொல்லவில்லை. விட்ட மழை மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான், "குடையை எடுத்துக்கொள்" என்றும் சேர்த்துச் சொல்கிறாள். எழுத்து வாசனை அறியாத தாயிடமும் இருக்கிற இந்தச் சொல் நிதானம், பேனா பிடித்துப் பிழைக்கிற நம்மிடம் இல்லாமற் போனது ஏன்? இதுதான் என் வழக்கு.

ஆங்கிலத்தில் 'சீஸ்ஃபயர்' என்று ஒரு சொல் உண்டு; 'ஆர்மிஸ்டிஸ்' என்று இன்னொரு சொல் உண்டு. இரண்டும் யுத்தத்தில் எதையோ நிறுத்துவதைப் பற்றியவை. ஆனால் நிறுத்தப்படுவது ஒன்றல்ல. நாமோ இரண்டின் நெற்றியிலும் 'போர் நிறுத்தம்' என்று ஒரே நாமத்தைச் சாத்திவிட்டுத் திருப்தியாக அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

நான் ஆங்கிலப் பண்டிதனல்லன். ஆனாலும் இது விளங்குவதற்குப் பாண்டித்தியம் தேவையில்லை. சீஸ்ஃபயர் என்பது அடிப்படையில் ஒரு சேனைக் கட்டளை. சுட்டுக்கொண்டிருக்கும் சிப்பாயைப் பார்த்து, "சுடுவதை நிறுத்து!" என்கிறான் அதிகாரி. சிப்பாய் நிறுத்துகிறான். துப்பாக்கி அவன் கையிலேதான் இருக்கிறது; எதிரியும் எதிரிலேதான் இருக்கிறான். ஆர்மிஸ்டிஸ் அப்படியல்ல. ஆயுதம், நிற்றல் என்ற இரண்டு லத்தீன் வேர்கள் சேர்ந்த சொல் அது. இரு தரப்பும் மேஜைக்கு வந்து, எந்தப் படை எவ்வளவு தூரம் பின்வாங்குவது, கைதிகளை என்ன செய்வது, மேற்பார்வை யாருடையது என்றெல்லாம் ஷரத்து எழுதிக் கையெழுத்திடும் ஏற்பாடு.

அந்த ஆர்மிஸ்டிஸ்கூடச் சமாதானமல்ல என்பதுதான் இதில் வேடிக்கை, இல்லை, வேதனை. 1907-ம் ஆண்டின் ஹேக் விதிகளே அதை யுத்த நடவடிக்கைகளின் இடைநிறுத்தம் என்றுதான் வகுக்கின்றன. காலக்கெடு குறிப்பிடாவிட்டால், உரிய எச்சரிக்கை கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். 1918 நவம்பர் 11-ம் தேதி கோம்பியேன் காட்டில், ஒரு ரயில் பெட்டியில் கையெழுத்தான ஆர்மிஸ்டிஸுக்கு ஆயுள் 36 நாள்தான். அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தே 1919 ஜூன் 28-ம் தேதி வெர்சேல்ஸ் உடன்படிக்கை வரை வந்தார்கள். கையெழுத்தானது விடியற்காலை 5 மணிக்குச் சற்றுப் பின். அமலுக்கு வந்தது காலை 11 மணிக்கு. அந்த ஒரு நாளில் மாண்டவர்கள் 2,000 பேருக்கு மேல். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59-க்கு விழுந்தான். ஒரு நிமிஷம்! சொல்லுக்கும் அது நடப்புக்கு வருவதற்கும் இடையே ஓர் உயிர் போகுமளவு இடம் இருக்கிறது.

கொரியாவைப் பாருங்கள். 1953 ஜூலை 27-ம் தேதி பான்முன்ஜோமில் கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். இரு படைகளும் இரண்டிரண்டு கிலோமீட்டர் விலகின. கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த கமிஷனுக்கு நம் தளபதி திம்மய்யாவே தலைமை வகித்தார். 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் சமாதான உடன்படிக்கை வரவில்லை. ஆனால் அந்தப் பெரும் யுத்தமும் திரும்பவில்லை.

காஷ்மீரில் 1949 ஜனவரி 1-ம் தேதி வந்தது சீஸ்ஃபயர். அவ்வாண்டு ஜூலையில் கராச்சியில் கோடும் கிழித்தார்கள். 1965-ல் மீண்டும் யுத்தம். செப்டம்பர் 23-ம் தேதி மீண்டும் சீஸ்ஃபயர். 1971-ல் இன்னொரு யுத்தம்; டிசம்பர் 17-ம் தேதி இன்னொரு சீஸ்ஃபயர். மூன்றையும் 'போர் நிறுத்தம்' என்றே எழுதினால், மூன்று முறை நிறுத்தப்பட்ட பிறகும் நிற்காத அந்தப் போர் எது என்று வாசகன் கேட்க மாட்டானா?

"தலைப்பில் இடமில்லை சார்! வாசகருக்கு இது போதும்" என்றார் பத்திரிகை நண்பர் ஒருவர். போதுமா? நான் கண்டதைச் சொல்கிறேன்.

2002-ல் எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அவள் ஆச்சி. தென்மராட்சியில் விட்டு வந்த வீட்டின் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கண்ணில் புரை, பத்திரிகை படித்துக் காட்டுவது என் வேலை. பிப்ரவரி 22-ம் தேதி இலங்கையில் கையெழுத்தானது சீஸ்ஃபயர் ஒப்பந்தம். "போர் நிறுத்தம்" என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நான் வாசித்தேன். ஆச்சி அழுதாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "போர் நிண்டிட்டுதெண்டு பேப்பரிலை போட்டிருக்கு!" என்றாள். ஊருக்குப் போய், சேர்த்த காசையெல்லாம் போட்டுக் கூரை வேய்ந்தாள். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் மறுபடி ஷெல் விழுந்தது, பாதையும் அடைபட்டது. 2008 ஜனவரியில் அரசாங்கம் அந்த ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டது. ஆச்சியிடமிருந்து அதற்குப் பிறகு கடிதமில்லை.

ஒரு சொல்லாலே அவள் கெட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் போயிருப்பாள். சொந்த வீடு அப்படிப்பட்டது. ஆனால் குடையோடு போயிருப்பாள். கூரைக்கு முன் கையில் கொஞ்சம் பணம் நிறுத்தியிருப்பாள். "ஆச்சி, சுடுவதை நிறுத்தியிருக்கிறார்கள், போர் முடியவில்லை" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அச்சிலிருந்ததை அப்படியே வாசித்தேன். குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

தமிழில் சொல் இல்லை என்ற சாக்கு செல்லாது. விடுதல், நிற்றல், ஓய்தல், ஒழிதல், முடிதல் என்று வரிசையாக நிற்கிறவை நம் சொற்கள். சில பத்திரிகைகள் 'சண்டை நிறுத்தம்' என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. சீஸ்ஃபயருக்கு அது நேர்மையான சொல். ஆர்மிஸ்டிஸைப் 'போர் ஓய்வு' என்போம். ஓய்ந்தவன் எழுந்திருக்கவும் கூடும் என்பது அதிலேயே இருக்கிறது. 'போர் முடிந்தது' என்பதை, அது மெய்யாகவே முடிகிற நாளுக்காகப் பத்திரமாக வைத்திருப்போம்.

தலைப்பில் இடமில்லை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'போர் நிறுத்தம்' என்பதைக் காட்டிலும் 'சண்டை நிறுத்தம்' ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோதான் கூட. அந்த இடத்தைக்கூட ஆச்சிக்குக் கொடுக்க முடியாதா?