வெற்றிலைப் பையும் ஒரு நாட் பேரும்

பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை மலைகளில் விடியற்பனியில் பிரட்டுக் களத்துக்கு வந்து நிற்கும் நம் சகோதரிகளின் இடுப்பில் ஒரு சிறு பை செருகியிருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. மலையேறு முன்னர் ஒரு வாய், கொழுந்து நிறுக்கும் வேளையில் ஒரு வாய், லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும்போது இன்னொரு வாய். சிலர் இரவிலும் அதனைக் கன்னத்தில் அடக்கியபடியே உறங்கிவிடுகின்றனர்.

அரசியல் ஏட்டுக்கு வெற்றிலைப் பையில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் ஓயாது எழுதும் நாம், அந்தச் சம்பளத்தைப் பெற்று அந்தக் காணியில் வாழவேண்டிய மக்களின் உயிரைப் பற்றி எழுதாதிருப்பது முறையாகாது.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது வாயையும் தொண்டையையும் பற்றும் புற்றே. பெண்களும் இதற்குத் தப்பவில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருள் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே முடிவு செய்தது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்று ஆறுதல் கொள்வோருக்கும் இடமில்லை. 2003இல் கூடிய நிபுணர் குழு, பாக்குத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று தீர்ப்பளித்தது. பாக்கிலுள்ள காரப்பொருள் கன்னத்தின் உட்தசையை நாளடைவில் நார்போல் இறுகச் செய்கிறது. வாய் முழுதாய்த் திறவாது. மிளகாய் பட்டால் நெருப்பாய் எரியும். சுண்ணாம்போ மென்தோலைப் புண்ணாக்கி நஞ்சு உட்புக வழி செய்கிறது. இவற்றோடு சுருட்டும் சாராயமும் சேருமாயின் கேடு பன்மடங்காகும். சம்பள நாள் மாலையில் தோட்டத்து ஆண்கள் பலர் எங்கே நிற்கின்றனர் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழியை வெற்றிலையின்மேல் சுமத்துவது எளிது. மணவீட்டிலும் இழவு வீட்டிலும் தாம்பூலத் தட்டு வைக்கும் மக்களிடம் ஒரு நாள் வந்து, "போடாதே" என்று உபதேசித்து ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போவது அதனினும் எளிது. ஏன் போடுகிறார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்? கோதுமை மா ரொட்டியும் வெறுந் தேத்தண்ணீரும் உண்டு மலையேறியவளுக்குப் பத்து மணிக்கே பசிக்கும். அந்தப் பசியை அடக்குவது வெற்றிலை. குளிரில் உடம்பைச் சூடாக்குவதும் அதுவே. அட்டை கடித்தால் அதன்மேல் உமிழ்வதற்கும் அதுவே. பசியைத் தீர்க்காமல் பழக்கத்தைத் தீர்க்க முற்படுவோரின் முயற்சி எத்துணைத் தூரம் செல்லும்?

இதே ஊவாவில், வெலிமடையிலும் பண்டாரவளையிலும் நம் விவசாயிகள் விளைவிக்கும் கோவாவும் கரட்டும் போஞ்சியும் லொறி லொறியாய்க் கொழும்புக்கு இறங்குகின்றன. அடுத்த மலையிலுள்ள லயத்துச் சட்டிக்கு அவை வந்து சேருவது அரிது. காய்கறியும் பழமும் குறைந்த உணவு இந்நோய்க்குத் துணைபோகிறதென ஆய்வுகள் கூறுகின்றன. பாக்குக்கும் புகையிலைக்கும் உள்ள சான்றைப் போல அது அவ்வளவு உறுதியானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தோட்டக் கூட்டுறவுக் கடைக்கு வாரம் ஒருமுறை மரக்கறி கொண்டுவர நம் விவசாயச் சங்கங்களால் இயலாதா?

2016இல் அரசாங்கம் மெல்லும் புகையிலைக் கலவைகளின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. நல்ல காரியந்தான். ஆனால் தோட்டத்தவர் பை, கடையில் பொதியாக வாங்கியதன்று. வீட்டிலே சேர்த்துக் கட்டியது. அதனைச் சட்டம் தொடவில்லை, தொடவும் முடியாது.

இந்நோயின் விந்தை யாதெனில், இது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தோன்றுவது. ஈரலிலோ குடலிலோ ஒளிந்து வளர்வதன்று. முதலில் ஒரு வெண்திட்டு, அல்லது செந்திட்டு, அல்லது மூன்று வாரமாகியும் ஆறாத ஒரு புண். நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டினால், பயிற்சி பெற்ற எவரும் ஐயுற்று மேலிடத்துக்கு அனுப்பிவிடலாம். இலங்கையின் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு இப்பயிற்சியை அளித்து நடத்திய சோதனையின் முடிவு 1984இல் வெளிவந்தது. அவர்களால் இது முடியும் என்று அது காட்டிற்று. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் வீடுவீடாய்ச் சென்று வாயைப் பரிசோதித்த பெரும் ஆய்வு 2005இல் வெளிவந்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

ஆனால் அந்த 1984ஆம் ஆண்டுச் சோதனை இன்னொன்றையும் காட்டிற்று. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவருள் பெருந்தொகையினர் போகவேயில்லை! இதைப் படித்த நகரத்தார், "அறியாமை" என்று தலையசைப்பர். தோட்டத்திலே பிறந்தவர் அப்படிச் சொல்லார். மடுல்சீமை மலையிலிருந்து பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதென்றால் அன்றைய பேர் போயிற்று. பஸ் செலவு வேறு. துணைக்கு வருபவரின் பேரும் போயிற்று. மகரகமைக்குப் போகச் சொன்னாலோ, கொழும்பிலே தங்க இடமில்லாத குடும்பம் என்ன செய்யும்? நோகாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக இத்தனையும் இழப்பார் யார்? நோகத் தொடங்கியபின் போகிறார்கள். அப்போது தாடையையே அறுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது உபதேசமன்று. ஆண்டுக்கு இருமுறை பிரட்டுக் களத்திலேயே வாய்ப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். தோட்ட மருத்துவ உத்தியோகத்தருக்கும் மருத்துவிச்சிக்கும் சுகாதார அமைச்சு அதற்குப் பயிற்சி தரவேண்டும். பதுளைக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கு அன்றைய முழுப் பேரும் போக்குவரத்துச் செலவும் கம்பெனி தரவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் அமரப்போகும் தொழிற்சங்கத் தலைவர்கள், சம்பள எண்ணிக்கைக்குக் கீழே இந்த ஒரு வரியையும் எழுதி வைப்பார்களா? லயத்திலிருந்து படித்து வெளியேறிய ஆசிரியரும் எழுதுவினைஞரும் டாக்டரும் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, தாயின் வாயை ஒருமுறை வெளிச்சத்தில் திறந்து பார்ப்பதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.