மலிவு ஹோஸ்டிங் மீது விழும் பழிகள்

சொந்தமாக ஒரு சிறு இணையதளம் தொடங்க வேண்டும் என்று யாரிடம் யோசனை கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: “மலிவு ஹோஸ்டிங் பக்கம் போகாதீர்கள். தளம் ஊரும், ஹேக் ஆகும், பிரச்சினை என்றால் கேட்க நாதி இருக்காது.” எங்கள் வட்டார வரலாற்றுக் கட்டுரைகளுக்கான தளத்தை நான் பல ஆண்டுகளாக விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் நடத்துகிறேன். இந்தப் பேச்சுக்குப் பயந்து, மாதாமாதம் பெரிய தொகை கட்டவும் முடியாமல், தளம் தொடங்கும் ஆசையையே விட்டுவிட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை மறுக்கிறேன்.

முதலில் வேகம். ஒரே சர்வரில் பலருடைய தளங்கள் இருக்கின்றன, ஒன்றில் கூட்டம் கூடினால் மற்றவை திணறும் என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2010இல் வந்த கிளவுட்லினக்ஸ் போன்ற ஏற்பாடுகள் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு சிபியு, இவ்வளவு மெமரி என்று எல்லை கட்டிவிட்டன. அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனத்தில் பக்கத்துத் தளத்தின் நெரிசல் நம்மை அவ்வளவாகத் தொடாது. மெதுவாக இருக்கிறது என்று நண்பர்கள் காட்டிய தளங்களைத் திறந்து பார்த்தால், போனில் எடுத்த 5 எம்பி படங்கள் சுருக்கப்படாமல் அப்படியே ஏற்றப்பட்டிருக்கும். யாரும் பயன்படுத்தாத பிளகின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின், 2015 டிசம்பரில் வெளியான 7ஆம் பதிப்பு, முந்தைய 5.6ஐவிட வேர்ட்பிரஸ் தளங்களை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக்கியது. அதன் பிறகும் பழைய பதிப்பிலேயே கிடந்த தளங்கள் ஏராளம். பெரும்பாலான கண்ட்ரோல் பேனல்களில் அதை நாமே மாற்றிக்கொள்ளலாம், காசு கேட்பதில்லை. வாசகர்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்க, சர்வரை அமெரிக்காவில் வைத்தால் ஒவ்வொரு கோரிக்கையும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும். மும்பையையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுத்தால் அந்தத் தாமதம் பெருமளவு குறையும். பல நிறுவனங்களில் இரண்டுக்கும் விலை ஒன்றே.

பாதுகாப்பு விஷயத்திலும் பழி இடம் மாறித்தான் விழுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு எஸ்எஸ்எல் சான்றிதழ் இலவசமாகிவிட்டது. வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் ஊடுருவல் பெரும்பாலும் புதுப்பிக்காத பிளகின், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாகவே நடக்கிறது. விலையுயர்ந்த சர்வரிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

“காசு கொடுத்தால் தளம் விழாது” என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை வர்ஜீனியா பகுதியில் சுமார் 4 மணி நேரம் முடங்கியது. காரணம், பிழையாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கட்டளை. 99.9 சதவீத உத்தரவாதம் என்றாலும் மாதத்துக்கு 43 நிமிடம் தளம் நிற்கலாம். கட்டுரைத் தளத்துக்கு அது பெரிய இழப்பல்ல. தரவு போவதுதான் இழப்பு. 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் பேக்கப் வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். எந்த விலைக்கு வாங்கினாலும் ஒரு நகல் நம் கையில் இருக்க வேண்டும்.

உதவி கிடைக்காது என்பதற்கு என் அனுபவமே பதில். எங்கள் தளத்திலிருந்து போகும் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்தபோது, நேரத்தையும் திரும்பி வந்த பிழைச் செய்தியையும் சேர்த்து டிக்கெட் போட்டேன். எங்கள் பெயரில் எந்த சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு இல்லை என்று கண்டுபிடித்து, சேர்க்க வேண்டிய வரியையும் எழுதி அனுப்பினார்கள். “சைட் வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் எவ்வளவு பெரிய நிறுவனத்திலும் பதில் தாமதமாகத்தான் வரும்.

தள்ளுபடி நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாங்க வரும் கடைக்கு ஷேர்டு ஹோஸ்டிங் போதாது. அங்கே தனி ஒதுக்கீடு உள்ள மெய்நிகர் சர்வர் (விபிஎஸ்) தேவை, மறுக்கவில்லை. மற்றவர்கள் பணம் கட்டுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க என்ன விலை, ‘அன்லிமிடெட்’ என்பதற்குள் எத்தனை கோப்புகள் வரை அனுமதி, சர்வர் எந்த ஊரில் இருக்கிறது. டொமைனை உங்கள் பெயரிலேயே, முடிந்தால் வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். சேவை பிடிக்காவிட்டால் அதே முகவரியோடு வேறு இடத்துக்குப் போய்விடலாம்.