கிராபிக்ஸ் கார்டு வாங்கறீங்களா? சார்ட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க மானிட்டரைப் பாருங்க!



சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்னு பிளான் இருக்கா? தாராளமா வாங்குங்க. "கேம் எல்லாம் வெட்டிச் செலவு, அந்தக் காசை எஸ்ஐபியில போடு"ன்னு நான் சொல்லப் போறதில்லை. ஆனா எந்த கார்டுன்னு முடிவு பண்ற விதத்துலதான் 20, 30 ஆயிரம் ரூபாய் சத்தமே இல்லாம கையை விட்டுப் போகுது.

கார்டு ரிவ்யூ வீடியோ எதை எடுத்தாலும் 'சைபர்பங்க் 2077' இருக்கும். 2020 டிசம்பர்ல வந்த கேம். இன்னைக்கும் ஒரு கார்டைத் திணறடிக்கணும்னா இதைத்தான் ஓட்டறாங்க. 2023 ஏப்ரல்ல இதுல பாத் ட்ரேசிங் மோடு வந்தது. வெளிச்சம் எங்க பட்டு எப்படித் திரும்புதுன்னு கதிர் கதிரா கணக்குப் போடற முறை அது. அதை 4கே-யில, டிஎல்எஸ்எஸ் இல்லாம ஓட்டினா, 1,599 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கூட செகண்டுக்கு 30 ஃபிரேமைத் தொடாது. அந்த சார்ட்டைப் பார்த்தா, 299 டாலருக்கு வந்த 4060 எதுக்குமே லாயக்கில்லைன்னு தோணும்.

ஆனா அந்த டெஸ்ட் கார்டோட எல்லையைத்தான் சொல்லுது, உங்க தேவையைச் சொல்லலை. 4கே திரையில சுமார் 83 லட்சம் பிக்சல். உங்க டேபிள்ல இருக்கிற 1080பி மானிட்டர்ல சுமார் 21 லட்சம்தான். கார்டுக்கு நாலுல ஒரு பங்கு பிக்சல்தான் வேலை.

ஒரு கணக்கு போடுவோம். உதாரணத்துக்கு, 30,000 ரூபாய் கார்டு உங்க செட்டிங்ஸ்ல 65 ஃபிரேம் தருது. 60,000 ரூபாய் கார்டு 130 ஃபிரேம் தருது. சார்ட்ல ரெண்டுக்கும் ஒரே மதிப்புதான்: ஒரு ஃபிரேமுக்கு சுமார் 460 ரூபாய். ஆனா உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னா, செகண்டுக்கு 60 படத்துக்கு மேல அது காட்டாது. இப்போ கணக்கு 500 ரூபாய்க்கு எதிரா 1,000 ரூபாய். மவுஸ் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா தனியா கதை ஆடற கேமுக்கு அந்த வித்தியாசம் 30,000 ரூபாய் பெறுமா?

சுருக்கமா, சார்ட்ல இருக்கிறது சிடிசி. உங்க மானிட்டர்ல தெரியறதுதான் டேக் ஹோம்!

சிடிசியை ஊதிப் பெருசாக்கற இன்னொரு விஷயம் ஃபிரேம் ஜெனரேஷன். 2025 ஜனவரியில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு 4090 அளவுக்கு ஓடும்னு மேடையில சொன்னார். அது டிஎல்எஸ்எஸ் 4 சேர்த்த கணக்கு. அதுல கார்டு ஒரு ஃபிரேமை நிஜமா வரையும், மூணு வரைக்கும் ஏஐ ஊகிச்சு நிரப்பும். பார்க்க வழவழன்னு இருக்கும். ஆனா நீங்க பட்டனை அழுத்தினதுக்கு அந்த மூணும் பதில் சொல்லாது. அதனால ரெண்டு கார்டை ஒப்பிடும்போது, ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாத நம்பரை மட்டும் பக்கத்துல பக்கத்துல வைங்க. சராசரியை மட்டும் பார்க்காம '1 சதவீத லோ'வையும் பாருங்க. சண்டைக் காட்சியில படம் விக்குமா விக்காதான்னு சொல்றது அந்த நம்பர்தான்.

ரிவ்யூ பண்றவங்க டாப் பிராசசர் போட்டுத்தான் ஓட்டறாங்க, அதையும் மறந்துடாதீங்க. உங்களுது பழைய பிராசசர்னா, பெரிய கார்டு பாதி நேரம் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். பவர் சப்ளையும் செலவுதான். 4060-க்கு 115 வாட், 4090-க்கு 450 வாட்.

அதுக்காக எப்பவும் மலிவானதையே வாங்குங்கன்னு அர்த்தமில்லை. உங்ககிட்ட 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்து, ரே ட்ரேசிங் போட்டு ஆடணும்னா, 8 ஜிபி மெமரி நெருக்கடி ஆகிடும். அங்க 12 ஜிபிக்குக் கொடுக்கற கூடுதல் காசு நியாயமான செலவு.

"மாசம் 2,500தானே, நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு தாவறதுக்கு முன்னாடி பில்லைப் படிங்க. வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் ஃபீஸ் இருந்தா அதுவும் உங்க தலையிலதான்.

கடைசியா ஒரு வேலை. சைபர்பங்க் உங்ககிட்ட இருந்தா, செட்டிங்ஸ்லயே பெஞ்ச்மார்க் இருக்கு. அல்ட்ராவுல ஒரு தடவை, ஹையில ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. படத்துல வித்தியாசம் உங்க கண்ணுக்கே தெரியலைன்னா, இந்த வருஷம் கார்டே வேண்டாம்.

உங்க மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், எந்த கார்டு மேல கண்ணு? கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்து கணக்கு போடுவோம்.